இளமைக்கு மாத்திரையா, முருங்கைக்கீரையா?

சில மாதங்களுக்கு முன் ஒரு டீச்சர் தன் கணவரோடு என்னிடம் வந்தார். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. சர்க்கரைக்கு உணவு அட்டவணை கேட்டு வந்தவர், கிளம்பும் நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார்.

"மேடம், இதையெல்லாம் சாப்பிடலாமான்னு ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க."

பச்சை நிற வைட்டமின் இ கேப்சூல், 400 மில்லிகிராம். கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் சேர்ந்த ஒரு மாத்திரை. சமையல் மஞ்சளின் சாரம் அடைத்த கேப்சூல். கிரீன் டீ சாறு என்று எழுதிய ஒரு டப்பா. நான்கின் அட்டையிலும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற வார்த்தை பெரிதாக இருந்தது. முதுமையைத் தள்ளிப்போடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து வாங்கினாராம். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது.

கணவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. எடை பார்ப்பதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மணிக்கட்டுக்கு மேலே நீலமாகக் கன்றிய திட்டுகள். "எங்கேயும் இடிச்சுக்கலைம்மா, தானா வருது" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் இருக்கிறதே என்று டீச்சரின் பச்சை கேப்சூலையும் தினமும் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். அதிக அளவு வைட்டமின் இ ரத்தம் உறைவதைத் தானும் தடுக்கும். திட்டுகள் அந்த ரத்த மாத்திரையால் மட்டுமே வந்திருக்கலாம், ஆனாலும் இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் அதோடு சேர்க்கக்கூடாத ஒன்று இது. அன்றைக்கே அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது அந்தத் திட்டுகளைப் பார்த்த பிறகுதான்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவின் அடியில் மறந்துபோய்க் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும் அல்லவா, அங்கிருந்து தொடங்கினேன். எண்ணெயில் உள்ள கொழுப்பை ஆக்சிஜன் தாக்குகிறது. கெட்டுப்போன ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கிறது, அது அடுத்ததை. இப்படிச் சங்கிலியாகக் கெடுக்கும் துகள்களைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. சாப்பாட்டை ஆக்சிஜனோடு சேர்த்து சக்தியாக்கும்போது கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல் உடம்புக்குள்ளேயே சிந்துகிறது. புகை, வெயில், சர்க்கரை நோய் எல்லாம் அதைக் கூட்டுகின்றன. இந்தச் சேதம் சேரச் சேரத்தான் நமக்கு வயதாகிறது என்ற கருத்தை அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன் 1956-ல் வெளியிட்டார்.

நல்லெண்ணெய் மற்ற பல எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. எள்ளில் உள்ள சீசமால் போன்ற பொருள்கள் அந்தச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடுவதுதான் காரணம். அவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். அப்படியென்றால் அதையே மாத்திரையாக்கி விழுங்கினால் வயதாவது நின்றுவிடாதா? யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம்தான். மருத்துவ உலகமும் அப்படித்தான் நம்பியது.

சோதித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 1994-ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடியதால் 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதைச் சொன்னதும் டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் இன்னும் நாளுக்கு இரண்டு சிகரெட் பிடிக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏன் இப்படி ஆனது? ஃப்ரீ ராடிக்கல் முழுக்க எதிரி இல்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளை அணுக்களே அதைத் தயாரிக்கின்றன. உடற்பயிற்சி செய்யும்போது கொஞ்சம் கூடும், அந்தத் தகவலை வைத்துத்தான் தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்களுக்கு உடற்பயிற்சியோடு தினமும் வைட்டமின் இ-யும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டும், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலனே கிடைக்கவில்லை. சர்க்கரைக்காகக் காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து மாத்திரை போடுகிற டீச்சரை உலுக்கியது இதுதான். "நடந்தது வீணா மேடம்?" என்றார். வீணில்லை, ஆனால் மாத்திரை அதற்குத் துணை செய்யவில்லை.

சரி, உணவு மட்டும் எப்படி உதவும்? காய்கறி, பழம், பயறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஒரு கீரையில் ஒரே ஒரு சத்து இல்லை. பத்திருபது நிறமிகள், நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு பழகிய அளவில் வருகின்றன. அவற்றில் பல, உடம்பு தானே செய்துகொள்ளும் பாதுகாப்பு நொதிகளைத் தட்டி எழுப்புகின்றன என்றே இப்போது ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். உணவால் வயது குறையும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வயதோடு வரும் நோய்களைச் சில வருடம் தள்ளிப்போடலாம். எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

டீச்சரிடம் முந்தின நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். காலையில் இட்லி, பொட்டுக்கடலைச் சட்னி. மதியம் சாதம், முள்ளங்கிச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். இரவு தோசை. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது, அதில் உருளைக்கிழங்கு சேராது. டீச்சரின் கணக்கு 100 கிராமைத் தாண்டவில்லை. மாதம் மூவாயிரம் செலவழிக்கிற வீட்டில் ஒரு கொய்யாப்பழம் இல்லை. கொய்யாவில் ஆரஞ்சைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. செங்காயாகக் கடித்துத் தின்றால் சர்க்கரைக்காரர்களுக்கும் நல்லது. ஜூஸாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும்.

சமைக்கும் விதத்தில் நம் அம்மாக்களின் கைப்பழக்கம் பெரும்பாலும் சரிதான். தக்காளியை 'எண்ணெய் பிரியும் வரை' வதக்கச் சொல்வார்கள். குழம்பின் மேல் மிதக்கிற அந்தச் சிவப்பு எண்ணெயை உற்றுப் பாருங்கள். மிளகாயிலும் தக்காளியிலும் இருந்த நிறமிகள் எண்ணெயில் கரைந்து இறங்கியிருப்பதுதான் அந்த நிறம். தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன், பச்சையாகத் தின்பதைவிட, வதங்கி எண்ணெயோடு வரும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். கேரட், முருங்கைக்கீரையின் கரோட்டினுக்கும் இதே விதிதான். அதற்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். வைட்டமின் சி-யின் குணம் நேர் எதிர். தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் ரசத்தில் சேருங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

மஞ்சளும் கிரீன் டீயும் இயற்கைதானே என்று கேட்பீர்கள். குழம்பில் போடும் அரை டீஸ்பூன் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. அதன் சாரத்தைச் செறிவாக்கி, உடம்பில் அதிகம் ஏற வேண்டும் என்று மிளகின் பைப்பரினையும் சேர்த்து விற்கிற கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கிரீன் டீ சாறு மாத்திரைகளிலும் அப்படித்தான். மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு வரும் ஒரு வகை விழித்திரை நோய்க்கு, லூட்டீன் என்ற நிறமியும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அதைக் கண் மருத்துவர் பரிசோதித்து எழுதித் தருவார். இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கீரையைத் திடீரென்று கூட்ட வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது டீச்சர் சொன்னார், "எங்க கொல்லையிலயே முருங்கை மரம் இருக்கு மேடம். கம்பளிப்பூச்சி வருதுன்னு வெட்டிடலாம்னு இருந்தோம்."

இரண்டு மாதம் கழித்து இருவரும் திரும்ப வந்தார்கள். இதயநோய் மருத்துவர் பச்சை கேப்சூலை நிறுத்திவிட்டாராம். கையில் புதிதாகத் திட்டு வரவில்லை. சிகரெட் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, அந்த ஒன்றுக்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கன்னத்துச் சுருக்கம் போகுமா என்று டீச்சர் மெல்லக் கேட்டார். இருப்பது போகாது, இனி வருவதைக் குறைக்க வெயிலில் குடை பிடியுங்கள் என்றேன். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரைப் பொரியலாம். மரத்தை வெட்டவில்லை. பூச்சி அடிமரத்தில் கூட்டமாக அண்டும்போது சார் தீப்பந்தம் காட்டிவிடுகிறார்.