லோங்காங்: வாய்க்காலா, வடிகாலா, சுருங்கையா?

"பந்து லோங்காங்ல விழுந்திருச்சு" என்று ஒரு முறையாவது சொல்லாமல் சிங்கப்பூரில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். புளோக்குக்குக் கீழே ஒரு முழ அகலத்தில் ஓடும் சிமெண்டுப் பள்ளமும் லோங்காங்தான். லிட்டில் இந்தியாவில் தேக்காவை ஒட்டிப் போகும் ரோச்சோர் கால்வாயும் பேச்சில் பல நேரம் லோங்காங்தான்.

சொல் மலாயிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் அதைச் சாலையோர, வீட்டோரப் பள்ளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மண்ணில் வெட்டிய ஓடை பாரிட், பெரிய வெட்டுக் கால்வாய் தெருசான், ஆறு சுங்கை. ரோச்சோர் ஆற்றங்கரைச் சாலைக்குச் சுங்கை ரோடு என்று பெயர் வந்தது அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் தள்ளியது நம் வேலை.

தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் சட்டென்று சாக்கடை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே கழிவுநீர் தனிக் குழாயில் போய்விடுகிறது, லோங்காங்கில் ஓடுவது மழைத்தண்ணீர். வாலை விசிறிக்கொண்டு கப்பி மீன் திரியும், பிள்ளைகள் அதைப் பிடிக்க முட்டி வரை இறங்குவார்கள். அதைப் போய்ச் சாக்கடை என்பதா? குறளில் வரும் அங்கணம் என்ற பழஞ்சொல்லிலும் அதே அழுக்கு வாடை உண்டு.

பொருத்தமான சொல் வடிகால். கால் என்றாலே நீர் செல்லும் வழி. காவிரிப் படுகையில் வயலுக்குத் தண்ணீர் கொண்டு வருவது வாய்க்கால், வயலில் மிஞ்சியதை வெளியே இழுப்பது வடிகால். இரண்டும் அருகருகே ஓடினாலும் அங்குள்ள விவசாயி ஒன்றை மற்றொன்றாகச் சொல்லமாட்டார். கால்வாய் பொதுச்சொல், பெரியதற்கு அதுவே போதும். நம் செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ரோச்சோர் கால்வாய் மட்டும் இந்தப் பிரிவுக்குள் முழுசாக அடங்காது. அதன் கரையில் மூங்கில் அடர்ந்திருந்ததால் ஹொக்கியன் பேசும் சீனர்கள் அந்த இடத்தை 'மூங்கிலடி' என்ற பொருளில் அழைக்க, அது நம் வாயில் தேக்கா ஆயிற்று. கந்தாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்ற மலாய்ப் பெயரும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் செழித்ததற்கு, பக்கத்தில் தண்ணீரும் புல்லும் இருந்தது ஒரு முக்கியக் காரணம். மாட்டுக்காரருக்கு அது தண்ணீர் தந்த கால், நமக்கு வடிகால். இன்று மழையில்லாத நாளில் எட்டிப் பார்த்தால், நடுவில் வெட்டிய சின்னப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மெல்லிய கோடாகப் போகும், இருபுறமும் சிமெண்டுத் தரை காய்ந்து கிடக்கும். ஒரு பெருமழை அடித்தால் போதும், அத்தனை அகலமும் செந்தண்ணீராகிவிடும்.

அந்தத் தண்ணீர் புக்கித் தீமா சாலைக்கும் டனர்ன் சாலைக்கும் நடுவே ஓடும் கால்வாயிலிருந்து வருகிறது. அது தாங்காமல் வெள்ளம் புகுந்ததால்தான் வழியிலேயே தண்ணீரைப் பிரித்தார்கள். முதல் கிளை 1972இல் முடிந்தது, மேற்கே உலு பாண்டான் ஆற்றுக்குப் போகிறது. இரண்டாவது 1990இல் முடிந்தது, காலாங் ஆற்றில் சேர்கிறது. 'டைவர்ஷன் கெனால்' என்கிறோமே, அதைக் கிளைக்கால் எனலாம். பிரியும் இடத்துக்கும் சொல் இருக்கிறது: வாய்த்தலை. கால்வாயின் தலைப்பு என்று பொருள். பாசனத்துக்குப் பிறந்த சொல்தான், வெள்ளத்துக்குப் பயன்படுத்தினால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

அப்புறம், கண்ணுக்கே தெரியாத கால்வாய் ஒன்று இருக்கிறது. ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகடையாக ஏறி இறங்குபவர்கள், காலுக்கடியில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஓடுவதை நினைப்பதில்லை. 2010 ஜூனில் அடைப்பு ஏற்பட்டு, கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான் பலருக்கும் அது தெரிந்தது. மூடிய நீர்வழிக்குத் தமிழில் சுருங்கை என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போகும்போது, யானைக்கூட்டம் வரிசையாகப் போகும் 'சுருங்கை வீதி' வருகிறது. ஆள் போகும் மூடிய வழிக்கும், நீர் போகும் மூடிய வழிக்கும் ஒரே சொல். வெள்ளத்துக்குப் பின், மேல்பகுதித் தண்ணீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் கிளைக்கால் ஒன்றையும், மழைநீரைத் தேக்கி வைக்கும் நிலத்தடித் தொட்டி ஒன்றையும் கட்டினார்கள். இரண்டும் 2018இல் முடிந்தன. அந்தக் கிளையையும் சுருங்கை என்றே எழுதலாம், பெரும்பகுதி தரைக்குக் கீழேதான் போகிறது.