உப்பி நிற்கும் பை: பழைய பாணி அப்ரைட் வாக்குவம் கிளீனரின் பலமும் வம்பும்

சுவிட்சைப் போட்டதும், கைப்பிடியில் துவண்டு தொங்கிய துணிப் பை ஒரே நொடியில் உப்பி விறைத்துக்கொள்ளும். பழைய பாணி அப்ரைட், அதாவது நிமிர்ந்த கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் வாக்குவம் கிளீனரை அடையாளம் காண இது ஒன்றே போதும். தூசியை உறிஞ்சுகிற இயந்திரத்தின் பை சுருங்கத்தானே வேண்டும், ஏன் உப்புகிறது? பை இருப்பது விசிறிக்குப் பின்னால் என்பதால்தான். தரையிலிருந்து கிளம்பும் அழுக்கு முதலில் விசிறிக்குள் நுழைந்து, அதன் இறக்கைகளில் மோதி, அங்கிருந்து பைக்குள் ஊதித் தள்ளப்படுகிறது. ஹோஸ் என்ற நீண்ட வளையும் குழாய் வைத்த வகையில் நடப்பது நேரெதிர்: அழுக்கு முதலில் பையில் தங்கிவிடும், வடிகட்டிய காற்று மட்டுமே விசிறிக்குப் போகும். இன்று அப்ரைட் என்ற பெயரில் விற்கும் பலவும் உருவத்தில்தான் அப்ரைட், உள்ளே ஹோஸ் வகையேதான். இங்கே பேச்சு, அழுக்கை விசிறி வழியாகவே அனுப்பும் பழைய வகையைப் பற்றி. அதன் நல்லது கெட்டது ஏறக்குறைய அத்தனையும் இந்த முன்பின் வரிசையிலிருந்து வருபவை.

இரண்டு வழிகளுமே சில ஆண்டு இடைவெளியில் பிறந்தவை. 1901இல் ஹூபர்ட் செசில் பூத் லண்டனில் உருவாக்கிய பம்பு, குதிரை வண்டியில் ஏறித் தெருவுக்கு வந்தது. ஜன்னல் வழியாக நீண்ட குழாயை வீட்டுக்குள் விட்டு உறிஞ்சுவார்கள். தூசி பம்பை எட்டும் முன்பே துணியில் வடிகட்டப்பட்டுவிடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கேன்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் 1907இல் செய்தது வேறு. ஆஸ்துமாக்காரரான அவருக்குத் துடைப்பம் கிளப்பும் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை மூன்றையும் ஒட்டவைத்து ஓர் இயந்திரம் செய்தார். 1908 ஜூனில் காப்புரிமையும் கிடைத்தது. அதை வாங்கிய தோல் பொருள் உற்பத்தியாளர் வில்லியம் ஹூவர் அதே ஆண்டில் ‘மாடல் ஓ’வைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தலையணை உறை தொங்கிய இடத்தில்தான் இன்றைக்கும் பை தொங்குகிறது.

கடையில் வாக்குவம் கிளீனர் பார்க்கப் போகிறவர்கள் ஹோஸின் முனையை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பார்கள். கை இறுக ஒட்டிக்கொண்டால் ‘நல்ல இழுப்பு’ என்று தீர்ப்பாகிவிடும். அந்தக் கணத்தில் குழாய்க்குள் காற்றோட்டம் பூஜ்யம். ஒரு மணல் துகள்கூட நகராது. கை உணர்வது அழுத்த வேறுபாட்டை. துகளைத் தூக்கிச் செல்வதோ ஓடும் காற்று. மூடிய வாயில் ஹோஸ் வகையின் வேகமான மோட்டார் 20 கிலோபாஸ்கல் அளவுக்கு, அதாவது 2 மீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்குமளவுக்கு இழுக்கும். பழைய அப்ரைட் அதில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே பெரிது. ஆனால் அதன் வாய்க்கும் விசிறிக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான். நீளக் குழாய் இல்லை, வளைவு இல்லை, முன்னால் நின்று மறிக்கும் வடிகட்டியும் இல்லை. குழாயில் காற்றை இரண்டு மடங்கு ஓடவிட்டால் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஹோஸ் வகைக்கு அவ்வளவு இழுப்பு தேவைப்படுகிறது. அப்ரைட்டுக்குத் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள பெரிய அப்ரைட் விநாடிக்குச் சுமார் 50 லிட்டர் காற்றை நகர்த்தும்.

இதனால்தான் வாட் கணக்கை வைத்துச் சுத்தத்தை அளக்க முடியாது. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 5 முதல் 7 ஆம்பியர் எடுக்கும் பழைய அப்ரைட்டின் மின்செலவு 600 முதல் 840 வாட். ஐரோப்பிய ஒன்றியம் வாக்குவம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. இந்தப் பழைய மோட்டார்கள் அந்த வரம்புக்குள் எப்போதோ அடங்கியிருந்தவை.

காற்று மட்டும் போதாது. கம்பளத்தை உண்மையில் கெடுப்பது மேலே தெரியும் நூலும் பஞ்சும் அல்ல. இழைகளின் வேரில் இறங்கிவிட்ட மணல். மேலே நடக்க நடக்க, அதன் கூர்விளிம்புகள் இழையை அடியில் அறுக்கும். அந்த ஆழத்துக்குக் காற்று தானாக இறங்காது. இழைகளை உலுக்க வேண்டும். அதற்குத்தான் வாய்க்குள் படுத்திருக்கும் தூரிகை உருளை. ஹூவர் நிறுவனம் 1926இல் இந்த உருளையில் மயிர்வரிசையோடு உலோக அடிப்பட்டைகளையும் சேர்த்தது. காற்று கம்பளத்தைச் சற்றே மேலே இழுத்து வாயின் உதடுகளில் ஒட்டவைக்கும். உருளையின் பட்டை அதைக் கீழே அடிக்கும். கம்பளம் திரும்ப எழும்பும். இரண்டு பட்டை உள்ள உருளை நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், ஒவ்வோர் இடமும் விநாடிக்கு 100 அடி வாங்குகிறது. கொடியில் கம்பளத்தைப் போட்டுத் தடியால் அடித்த காலத்து வேலையேதான் இது. அடிபட்டுத் துள்ளிய மணலை அந்தரத்திலேயே வாரிக்கொண்டு போகப் பக்கத்திலேயே காற்று காத்திருக்கிறது என்பது மட்டும் புதிது. ஆகவே அவசரமாக முன்னும் பின்னும் ஓட்டுவதில் பயனில்லை. ஒரு மீட்டருக்கு இரண்டு விநாடி என்ற நிதானத்தில் தள்ளினால்தான் அடி போதுமான அளவு விழும்.

அடி சரியாக விழ, வாயின் உயரம் சரியாக இருக்க வேண்டும். இந்த வகை இயந்திரத்தைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் உயரத்தை மாற்றும் திருகையோ மிதியையோ தொட்டே இருக்கமாட்டார்கள். முதலில் உயரத்தை உச்சத்தில் வைத்து, கம்பளத்தின் மேல் நிறுத்தி, சுவிட்சைப் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் மோட்டாரின் சீரான இரைச்சல் கனத்து மாறும். தூரிகை இழையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதுவே சரியான உயரம். மேலும் இறக்கினால் சுத்தம் கூடாது. தள்ளக் கை வலிக்கும், பெல்ட் தேயும், வளையம் வளையமாக நெய்த கம்பளமாக இருந்தால் நூல் பிசிறும். ஓரக் குஞ்சம் உள்ள விரிப்புகளில் குஞ்சத்தின் மேல் ஓட்டவே கூடாது. உருளை அதைக் கவ்விச் சுருட்டிக்கொள்ள ஒரு விநாடி போதும்.

இனி வம்புகள். அழுக்கு விசிறி வழியே போகிறது என்றால், நாணயமும் திருகாணியும் கூடவே போகும். ஹோஸ் வகையில் ஒரு நாணயம் கடகடவென்று குழாயில் ஏறிப் பையில் விழுந்துவிடும், அவ்வளவுதான். இங்கே அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் இறக்கையில் மோதுகிறது. பிளாஸ்டிக் விசிறி என்றால் இறக்கை முனை உடையும். அலுமினியம் என்றால் பள்ளம் விழும் அல்லது வளையும். ஒரு ‘டக்’ சத்தம், அதன் பிறகு கைப்பிடி வரை ஏறும் அதிர்வு: இதுதான் அறிகுறி. அப்படியே ஓட்டினால் சமன் குலைந்த விசிறி சில வாரங்களில் பேரிங்கையும் தின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி, அடித்தகட்டைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் விசிறித் தண்டை விரலால் மெல்லச் சுழற்றினால் ஒவ்வோர் இறக்கையும் கண்ணுக்கு முன் வரும். உடைந்ததை ஒட்டிப் பயனில்லை. பசையின் எடையே சமனைக் கெடுக்கும். புதிய விசிறிதான் போட வேண்டும்.

பெல்ட்டின் கதை இன்னும் சிறுபிள்ளைத்தனமானது. ஒரு தட்டை ரப்பர் வளையம், மோட்டார் தண்டிலிருந்து உருளைக்கு இழுத்து மாட்டப்பட்டிருக்கும். அறுந்தால் தெரிந்துவிடும். தளர்ந்தால்தான் தெரியாது: மோட்டார் வழக்கம்போல இரையும், பை உப்பும், ஆனால் கம்பளத்தில் அழுத்தியதும் உருளை நின்றுவிடும். நாம் தள்ளிக்கொண்டே இருப்போம். வாரா வாரம் ஓடும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அறுகிறதோ இல்லையோ, மாற்றிவிடுவது நல்லது. உருளையில் ஒரு துணி சிக்கிக்கொண்டால், நின்றுவிட்ட பெல்ட்டுக்குள் தண்டு மட்டும் சுழன்று, சில விநாடிகளில் ரப்பர் கருகும். புதியதைப் போடும் முன் தண்டில் உருகி ஒட்டிய ரப்பரைச் சுரண்டி எடுக்காவிட்டால் அடுத்ததும் சீக்கிரம் போகும். சில மாடல்களில் மோட்டார் தண்டும் உருளையும் வெவ்வேறு திசையில் படுத்திருப்பதால் பெல்ட்டைக் கால் திருப்பு முறுக்கி மாட்ட வேண்டும். தப்பான பக்கம் முறுக்கினால் உருளை தலைகீழாகச் சுற்றும். சரியாக மாட்டியிருந்தால் இயந்திரம் தன்னையே சற்று முன்னோக்கி இழுக்கும். அது பின்வாங்கினால், கழற்றி மறுபக்கம் முறுக்குங்கள்; அடித்தகட்டில் பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும். கழற்றிய கையோடு உருளையின் இரு முனைகளில் சுருண்ட தலைமுடியையும் அறுத்தெடுத்துவிட வேண்டும். அந்த முடி உராய்ந்து சூடேறினால் முனை மூடியே உருகும்.

மயிர்வரிசை தேய்ந்ததா என்று பார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம். இயந்திரத்தைக் கவிழ்த்து, அடித்தகட்டின் வாய்க்குக் குறுக்கே ஒரு தடித்த அட்டையின் விளிம்பை வைத்து, உருளையைக் கையால் சுழற்றுங்கள். மயிர் அட்டையை உரசினால் சரி. உரசாமல் போனால், உயரத்தை எவ்வளவு இறக்கினாலும் உருளை காற்றில்தான் சுற்றும்.

பைக்கு வருவோம். ஹோஸ் வகையில் பை இருக்கும் அறையிலிருந்து காற்று வெளியே இழுக்கப்படுவதால், அறையில் சிறு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிரத் தூசி வீட்டுக்குள் கொட்டாது. அப்ரைட்டின் பை ஊதப்பட்ட பலூன். ஊசித் துளை இருந்தாலும் தூசி வெளியேதான் பீய்ச்சும். வெறும் துணிப் பையை உதறி உதறிப் பயன்படுத்திய மாடல்களில், சுவிட்சைப் போட்ட முதல் விநாடியில் ஒரு சிறு தூசிப் புகையே எழும். உள்ளே காகிதப் பை வைத்தால் குறையும். பல அடுக்கு செயற்கை இழைப் பை வைத்தால் இன்னும் குறையும். ஆனால் பையின் கழுத்து குழாயோடு சேரும் இடம் இறுக்கமாக இல்லையென்றால் எந்தப் பையும் வீண். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இயந்திரத்தின் பைக் கழுத்தருகே பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் ஒளிக்கற்றையில் துகள்கள் ஆடும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர், கசிவில்லாமல் மூடிய உடலில் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர் வீட்டுக்குப் பழைய திறந்த பை இயந்திரம் ஏற்றதல்ல. ஆஸ்துமாவுக்குத் தப்ப ஸ்பாங்ளர் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்கு இது ஒரு கசப்பான முரண்தான்.

பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் மாற்ற வேண்டும். சுவர்ப்பூச்சுத் தூள், சாம்பல் போன்ற மாவுத் தூசி என்றால் கால் பை நிறையும் முன்பே காகிதத்தின் நுண்துளைகள் அடைத்துவிடும். பை பாதி காலியாகத் தெரிந்தாலும் காற்று வெளியேற வழியிருக்காது. அப்போது மோட்டாரின் சுருதி ஏறும். ‘கஷ்டப்பட்டு வேலை செய்கிறது’ என்று நினைப்போம். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் விசிறி சுமையின்றிச் சும்மா வேகமாகச் சுற்றுகிறது. இதில் பழைய அப்ரைட்டுக்கு ஒரு சாதகம் உண்டு: மோட்டாரைக் குளிரவைக்கத் தனியாகக் காற்று போகும் மாடல்களில், பை அடைத்தாலும் மோட்டார் உடனே சூடேறிக் கருகாது. வேலை செய்யும் காற்றையே குளிர்ச்சிக்கும் நம்பியிருக்கும் ஹோஸ் வகை மோட்டார்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஈரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இழுக்கக் கூடாது. விசிறியை அடுத்தே மின்சாரம் இருக்கிறது.

வெறுந்தரையில் இது ஒரு சுமாரான இயந்திரம். அடிப்பதற்குக் கம்பளம் இல்லாதபோது உருளை மணலை வாய்க்குள் தள்ளுவதற்குப் பதில் சிதறடித்துவிடும். குழாய் மாட்டி மூலைமுடுக்கைச் சுத்தம் செய்யலாம் என்று விளம்பரங்கள் சொல்லும்; மாட்டலாம், ஆனால் முன்பு பார்த்த குறைந்த இழுப்பு இரண்டு மீட்டர் குழாயில் கரைந்துபோகும். எடையும் ஒரு பாடு. உலோக உடல் கொண்ட கெர்பி நிறுவன அப்ரைட் சுமார் 10 கிலோ. மாடிப்படியில் தூக்குவதற்கு முன் இரண்டு முறை யோசிப்போம். ஓரெக் நிறுவனம் 8 பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோ சொச்சத்தில் அதே ஏற்பாட்டைச் செய்துகாட்டியது; அதன் வாயோ சோபாவுக்கு அடியில் எளிதாக நுழையும்.

ஒருவர் பயன்படுத்திய பழையதொன்றை வாங்குவதாக இருந்தால், முதலில் பிளக்கிலிருந்து கைப்பிடி வரை ஒயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால், அதுவும் எர்த் இல்லாத உலோக உடல் என்றால், ஒயரை மாற்றும் வரை சுவிட்சையே தொட வேண்டாம். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டி அணையுங்கள். இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கி ஓய்ந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று சட்டென நின்றால், விலையில் பேரிங்குக்கும் அதை மாற்றும் கூலிக்கும் கழித்துக்கொண்டு பேசுங்கள்.