தாய்ப்பால் குடிச்ச கணக்கு விலா எலும்புல

"பழைய எலும்பைப் பாத்து ஆணா பொண்ணான்னு சொல்றது சரி, என்ன சாப்பிட்டாங்கன்னு கூட சொல்றாங்களே, கப்ஸாதானே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கப்ஸா இல்லைங்க.

இங்கிலாந்துல வடக்கு யார்க்‌ஷயர் பக்கம் வாரம் பெர்சின்னு ஒரு கிராமம், ஆளே இல்லாம போய் பல நூற்றாண்டாச்சு. 1950லேருந்து 1990 வரை கோடைக்குக் கோடை தோண்டி, கிட்டத்தட்ட 700 எலும்புக்கூடு எடுத்தாங்க, பெரும்பாலும் சாதாரண குடியானவங்க. குழந்தையோட வயசைப் பல் வளர்ச்சி சொல்லிடும், உயரத்தைத் தொடை எலும்பு சொல்லிடும். ரெண்டையும் பக்கத்துல வச்சா 14 வயசுப் பிள்ளை இன்னைக்கு 10 வயசுப் பிள்ளை உயரம்தான். ஆனா கைக்குழந்தைங்க மட்டும் முதல் வருஷம் இன்னைக்குக் குழந்தைங்களுக்குச் சமமா வளந்திருக்கு.

ஏன்? தாய்ப்பால் காரணமா இருக்குமா? அதைக் கண்டுபிடிக்க இங்கதான் நைட்ரஜன் வருது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். நைட்ரஜன்ல 14, 15னு ரெண்டு வகை, 15 கொஞ்சம் கனம், ரொம்பக் கம்மி. உடம்பு புரதத்தை உடைச்சு யூரியாவா வெளியேத்தும்போது லேசான 14 கொஞ்சம் கூடுதலா போயிடும், 15 தங்கிடும். அதனால புல்லை விட மாட்டுக்கு 15 அதிகம், மாட்டைத் தின்ன மனுஷனுக்கு இன்னும் அதிகம். இப்ப பால்குடிக் குழந்தையை யோசிங்க, அது சாப்பிடறது அம்மாவோட உடம்புலேருந்து வந்த புரதம், அதாவது கணக்குப்படி அது அம்மாவையே தின்னுது! அம்மாவுக்கு மேல ஒரு படி ஏறி நிக்கும். பொறந்தப்ப அம்மா அளவு, அப்புறம் ஆயிரத்துக்கு ரெண்டு மூணு பங்கு ஏறும், பாலை நிறுத்தினா இறங்கும்.

விலா எலும்புத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா சுண்ணாம்பெல்லாம் கரைஞ்சு, அதே வடிவத்துல வளையுற கொலாஜன்ங்கற எலும்புப் புரதம் மட்டும் நிக்கும். அதுல 14, 15 எவ்வளவுன்னு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல, அதாவது அணுக்களை எடை வாரியாப் பிரிக்கிற கருவில அளக்கணும், அவ்வளவுதான். வாரம் பெர்சில ஒன்றரை வயசு வரை அளவு உச்சத்துல இருக்கு, ரெண்டு வயசு வாக்குல பெரியவங்க அளவுக்கு இறங்கிடுது. பால் நின்னதும் தானியக் கஞ்சியும் அசுத்தத் தண்ணியுமா ஆனதுதான் வளர்ச்சியைக் கெடுத்திருக்கணும்.

"எலும்பைத் தோண்டி டப்பாவுல வைக்க எதுக்குக் காசு?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு, 1950ல தோண்ட ஆரம்பிச்சவங்களுக்கு இந்த முறையே கிடையாது. டப்பாவுல பத்திரமா வச்சதாலதான் பின்னாடி வந்தவங்க அளந்தாங்க, அதனால கிடங்கு வாடகையையும் ஆராய்ச்சிச் செலவாத்தான் நான் பாக்கறேன். அதே ஊர்ல சில எலும்புல செத்தப்புறம் வெட்டின, எரிச்ச தடமும் இருக்கு. பொணம் எந்திரிச்சு வந்துடும்ங்கற பயமா இருக்கலாம்னு 2017ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. புள்ளைங்க உயரம் குறையறதை விட்டுட்டு பொணத்துக்குப் பயந்திருக்காங்க, நாமளும் எலுமிச்சம்பழம் கட்டிட்டுத்தான் இருக்கோம், விடுங்க.

இந்தத் தாய்ப்பால் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. குழி தோண்டிக் கிடைக்கிற குழந்தை எலும்பு, செத்த குழந்தையோடது, பொழைச்சதுங்க எப்படி பால் குடிச்சுதுன்னு எப்படித் தெரியும்? பல்லோட உள்பகுதியான டென்டின் ஒருதடவை உருவானா மாறாது, மேலேருந்து வேர் நோக்கி வளரும். அதைக் குறுக்கா துண்டு போட்டா மேல்துண்டு சின்ன வயசு, வேர்த்துண்டு பிந்தின வயசு. வேர் வளந்து முடிஞ்சிருந்தா அந்தப் பிள்ளை பால்குடியைத் தாண்டினதுதான். வாரம் பெர்சி பல்லுங்களை அப்படி வெட்டிப் பாத்தாங்க, மேல்துண்டுல நைட்ரஜன் 15 கூட, வேர்ப்பக்கம் கம்மி. அதாவது பொழைச்ச பிள்ளைங்களும் முதல்ல பால் குடிச்சு அப்புறம் நிறுத்தியிருக்கு.