கரிசல் வெடிப்பும் ஈரப்பத சென்சாரும்

நேற்றுதான் தண்ணீர் பாய்ந்திருக்கிறது, மண் காலில் ஒட்டுகிறது. போனில் பார்த்தால் மண்ணில் புதைத்த சென்சார் ஈரம் 9 சதவீதம் என்கிறது. அடுத்த வாரம் மோட்டார் போட்ட ஐந்தாவது நிமிடமே அது 48க்கு ஏறி நிற்கிறது. கருவி கெட்டுவிட்டது என்று கழற்றத் தோன்றும். கழற்றுவதற்கு முன் அது எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வயல்களில் அதிகம் புழங்கும் கெபாசிட்டன்ஸ் வகை சென்சார் தண்ணீரை நேராக அளப்பதில்லை. தன் கம்பிகளைச் சுற்றி ஒரு மின்புலத்தை உண்டாக்கி, அங்கே இருக்கும் பொருளின் மின்காப்பு மாறிலியை, அதாவது அந்தப் பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்று சொல்லும் எண்ணைத்தான் உணர்கிறது. காற்றுக்கு அது 1. காய்ந்த மண் துகளுக்கு 3 முதல் 5 வரை. தண்ணீருக்கோ ஏறக்குறைய 80. அதனால் மண்ணில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் கருவிக்குப் பளிச்சென்று தெரியும். இந்த மாறிலியிலிருந்து ஈரத்தைக் கணக்கிடும் ஒரு சமன்பாட்டை 1980இல் கனடாவில் டாப், டேவிஸ், அன்னான் மூவரும் வெளியிட்டார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இந்த மின்புலம் சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. அதிலும் கம்பியை ஒட்டிய மெல்லிய மண்ணுக்குத்தான் அளவில் பங்கு அதிகம். அங்கே காற்று புகுந்தால் அளவு சரியும், அதே இடைவெளியில் தண்ணீர் நிறைந்தால் எகிறும். வயலின் ஈரத்துக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கரிசலில் இது நடந்தே தீரும். அதில் உள்ள களிமண் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும். குழி தோண்டி மூடிய இடம் ஏற்கெனவே இளகியிருப்பதால் வெடிப்பு அங்கேதான் முதலில் விழுகிறது. ஒரு மக்காச்சோள வயலில் நான் தோண்டிப் பார்த்த சென்சாரின் ஒரு பக்கம் மண்ணோடு இறுகியிருந்தது. மறுபக்கம் விரல் நுழையும் பிளவு. கம்பியின் மேல் வண்டல் மெல்லிய பொருக்காகக் காய்ந்து கிடந்தது. பாய்ச்சும்போதெல்லாம் தண்ணீர் அந்தப் பிளவு வழியே நேராகக் கம்பிக்கு இறங்கியிருக்கிறது!

சரி, என்ன செய்யலாம்? குழியின் பக்கச்சுவரில், கலைக்காத மண்ணுக்குள், கம்பிகளைப் படுக்கைவாட்டில் அழுத்திச் செருகுங்கள். கல்லோ கட்டியோ தடுத்தால் ஆட்டி ஆட்டி நுழைக்காமல் இடத்தை மாற்றுவது நல்லது. தோண்டிய மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு மிதியுங்கள். மண்ணைக் குழைத்துப் பூசுவதென்றால் கெட்டியாக இருக்கட்டும். தண்ணியாகக் கரைத்தால் காயும்போது அதுவே சுருங்கி மறுபடி இடைவெளி விடும். ஒயரையும் நேராக மேலே இழுக்காமல் ஒருமுறை கீழே வளைத்து ஏற்றினால், அதன் வழியே தண்ணீர் வடிந்து சென்சாருக்கு வராது. அப்புறம் இரண்டு மூன்று பாசனம் வரை எண்ணை நம்பாமல் பொறுத்திருங்கள்.

எண்ணைவிட, போனில் தெரியும் ஈர அளவின் கோட்டு வரைபடம் அதிகம் பேசும். பகலில் வேர் குடிப்பதால் இறங்கி, இரவில் சமமாகி, படிக்கட்டு போல வந்தால் கருவி நலம். பாசனமே இல்லாமல் பிற்பகலில் ஏறி இரவில் இறங்கினால் அது பெரும்பாலும் வெயிலின் வேலை. உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் அளவு கூடுதலாகவே காட்டும். ஒரே எண்ணில் உறைந்து நின்றால் ஒயரைப் பாருங்கள்.

டென்சியோமீட்டர், அதாவது மண் தண்ணீரை உறிஞ்சும் விசையை முள்ளால் காட்டும் நீர் நிரப்பிய குழாய், வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண் காயக் காய அந்த விசை கூடும்; அது 80 சென்டிபார் (அழுத்தத்தின் அலகு) அளவைத் தாண்டினால் குழாய்க்குள் காற்று நுழைந்து முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்துவிடும். பூஜ்ஜியம் என்றால் நிறைந்த ஈரம் என்று பொருள். பயிர் வாடும் நேரத்தில் கருவி 'தண்ணீர் வேண்டாம்' என்று சொல்வது ஆபத்து. கொதிக்க வைத்து ஆற்றிய நீரை நிரப்பி, குமிழியை வெளியேற்றினால் முள் சரியாகும்.

ஒத்துப்பார்க்கக் கையே போதும். சென்சார் ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய, விளக்கின் நிறத்தால் ஈரத்தைச் சொல்லும் கருவி இருந்தால் பக்கத்தில் குத்திப் பார்க்கலாம். துல்லியம் வேண்டுமென்றால் மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் காயவைத்து, மறுபடி எடைபோட வேண்டும்.

எல்லாம் பார்த்தும் அளவு ஏறவில்லையா? சொட்டுநீர்க் குழாயைத் தூக்கி, சென்சாருக்கு மேலே இருக்கும் டிரிப்பரைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தால் அந்த இடம் உண்மையிலேயே காய்ந்துதான் கிடக்கிறது. ஆசிட் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், சென்சாரில் கை வைக்க வேண்டாம்.