எதிர்மறை வலுவூட்டலா, நீக்கி வலுவூட்டலா?

"பிள்ளை வீட்டுப்பாடம் எழுதலையா? முட்டி போட வைங்க. அதுதான் எதிர்மறை வலுவூட்டல்." போன மாதம் ராமநாதபுரத்தில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் பேசியவர் இப்படிச் சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இதை எத்தனை தடவைதான் கேட்பது? முட்டி போட வைப்பது தண்டனை. அது வலுவூட்டலே அல்ல.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தில் (விளைவைப் பார்த்துச் செயலைக் கற்கும் முறை), ஒரு செயலின் விளைவு அந்தச் செயலை மறுபடி செய்யவைத்தால் அது வலுவூட்டல். பெட்டிக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்துகிறது, தீனி விழுகிறது, மறுபடி அழுத்துகிறது. இங்கே ஒன்று வந்து சேர்ந்ததால் செயல் வலுத்தது. அழுத்தியதும் தரையில் பாயும் மின்சாரம் நின்றாலும் எலி அழுத்தப் பழகிக்கொள்ளும். இங்கே ஒன்று நீங்கியதால் வலுத்தது. முன்னது பாசிட்டிவ் வலுவூட்டல், பின்னது நெகட்டிவ் வலுவூட்டல். இந்த நெகட்டிவைத்தான் தமிழில் 'எதிர்மறை' என்கிறார்கள். கூட்டல் கழித்தல் என்ற அளவில்தான், நல்லது கெட்டது என்றல்ல.

கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் மணல் சன்னல் வழியாகச் சோற்றுத் தட்டு வரை வரும். சாத்தினால் நிற்கும். இப்போது முதல் பொடி கையில் பட்டதுமே என் மகள் எழுந்துபோய்ச் சாத்திவிடுகிறாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை.

பிழை 'எதிர்மறை'யில் இருக்கிறது. அது இலக்கணச் சொல். வாரான், செய்யேன், உண்ணாத, இவையெல்லாம் எதிர்மறை. அப்படியானால் 'எதிர்மறை வலுவூட்டல்' தமிழ்க் காதில் 'வலுவூட்டாமை' என்றுதானே விழும்? போதாததற்கு 'எதிர்மறை எண்ணம்', 'எதிர்மறை விமர்சனம்' என்று எழுதி எழுதி, கெட்டது என்ற பொருளையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம். சிலர் 'எதிர் வலுவூட்டல்' என்று சுருக்குகிறார்கள். அது இன்னும் மோசம், வலுவூட்டலுக்கு எதிரானது என்றே ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் குழப்பம் உண்டு என்பார்கள். உண்மைதான். ஸ்கின்னரே 1938இல் 'நெகட்டிவ் வலுவூட்டல்' என்ற சொல்லை வேறு பொருளில் ஆண்டவர், 1953 நூலில் இன்றைய பொருளில் எழுதினார். சரி, அந்தக் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம்மிடம் வினையெச்சம் இருக்கிறது. 'சேர்த்து வலுவூட்டல்', 'நீக்கி வலுவூட்டல்' என்றால் போதும். எதைச் செய்து வலுவூட்டுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. தண்டனைக்குத் தண்டனை என்ற பெயரே இருக்கட்டும்.

மின்னூட்டத்துக்கு 'எதிர்', எண்ணுக்குக் 'குறை' என்று இடம் பார்த்துப் பெயர் வைத்தவர்கள்தான் நாம். இப்போது கலைச்சொல் ஆக்குபவர்கள் நெகட்டிவ் என்று கண்டதும் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பெட்டிக்குள் எலிக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதே இல்லை.