மார்கழிக் காட்டில் படம் எடுத்துவிட்டு வந்த காய்ச்சல் எல்லாம் டெங்கு இல்லை

வேலூர் ஆஸ்பத்திரிகளில் குளிர்காலம் என்றால் ஸ்க்ரப் டைபஸ் சீசன். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்கள். மழையோடு தலைகாட்டத் தொடங்கி தை, மாசி வரை ஓடும். வழக்கமாக வருவது ஆடு மேய்ப்பவர்கள், புல் அறுக்கப் போகும் பெண்கள், கொல்லை வேலை செய்பவர்கள். இப்போது கேமராக்காரர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். கடைசியாக வந்தவரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இளைஞர், ஐடி வேலை. காய்ச்சல் ஏழாம் நாளில் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, பிளேட்லெட் இறங்கிக் கிடக்கிறது. கையில் இரண்டு டெங்கு ரிப்போர்ட், இரண்டிலும் நெகட்டிவ். அதற்குள் பப்பாளி இலைச் சாறு கொடுத்தாயிற்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கும் முடிந்துவிட்டது. காடு, வயல் பக்கம் போனாரா என்று கேட்டால் அம்மா அடித்துச் சொல்கிறார்: "இல்ல டாக்டர், அவன் ரூமை விட்டே வெளிய வர மாட்டான்." அண்ணன்தான் சந்தேகப்பட்டு கேமராவைத் திறந்து பார்த்தார். பதினைந்து நாள் முந்தைய தேதியில் ஜவ்வாது மலைப் படங்கள். பனிமூட்டத்தில் மரங்கள், காளான், புல்நுனியில் நீர்த்துளி. பாதிப் படங்கள் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தவை. தனியாகப் போயிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. நினைவு தடுமாறிய பிறகு அவரால் எங்களிடமும் சொல்ல முடியவில்லை. அரைஞாண் கயிற்றை நகர்த்திப் பார்த்தபோது அடியில் இருந்தது உண்ணி கடித்த இடத்துப் புண்: கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, சிகரெட்டால் சுட்டது போல.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஐசியூ வரை போக வேண்டிய வியாதியே இல்லை இது.

தேறிய பிறகு அவரும் கேட்டார், எல்லாரும் கேட்கிற அதே கேள்வியை: "உண்ணி கடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா டாக்டர்?"

தெரியாது. நீங்கள் நினைப்பது நாய் காதில் உருண்டையாகத் தொங்குமே, அந்த உண்ணி. இது அதுவல்ல. ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, அதன் லார்வா. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. புல்லிலும் புதரிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். நீங்கள் உட்கார்ந்தாலோ படுத்தாலோ தொற்றிக்கொண்டு, துணி இறுக்கமாக இருக்கும் இடம் தேடிப் போகும். கடிக்கும்போதுதான் காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போகிறது, ஆனால் வலிக்காது, புண்ணும் வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. அதுவும் இருப்பது இடுப்பிலோ தொடை இடுக்கிலோ அக்குளிலோ மார்புக்குக் கீழேயோ. எப்படித் தெரியும்? அதனால் "எங்க வீட்ல நாயே இல்லையே", "நான் எதையும் பிடுங்கிப் போடலையே" என்பதெல்லாம் எனக்குப் பதிலே அல்ல. புண் தெரியாவிட்டாலும் இந்தக் காய்ச்சல் இருக்கலாம், நிறைய பேருக்குப் புண்ணே கிடைப்பதில்லை. "நடுக்காட்டுக்குப் போகல, அமிர்தி ரோட்டோரமா நின்னுதான் எடுத்தேன்" என்பதும் உதவாது. காடு முடிந்து புல்லும் புதரும் தொடங்கும் ஓரத்தில்தான் எலிகள் அதிகம். எலி இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும்.

இன்னொரு தொல்லை, காய்ச்சல் உடனே வராது. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். அதற்குள் போட்டோக்களை இன்ஸ்டாகிராமில் போட்டு, பயணத்தையே மறந்திருப்பீர்கள். கூட யாராவது வந்திருந்தால் "உனக்கும் காய்ச்சலா?" என்றாவது ஒரு கேள்வி வரும். தனியாகப் போனவருக்கு அதுவும் இல்லை.

மருந்து? டாக்ஸிசைக்ளின். விலை மலிவான பழைய மாத்திரை. நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். முற்றிய நிலையில் வருபவர்களுக்கு இரண்டையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று 2023-ல் காட்டிய ஆய்வு நம் ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர்கள் தலைமையில் நடந்ததுதான். ஆனால் செஃபிக்சிம், அமாக்ஸிசிலின் எல்லாம் இந்தக் கிருமியைத் தொடாது. மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" வாங்கித் தின்று ஐந்து நாளை வீணாக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டாக்ஸிசைக்ளினையும் நீங்களாக வாங்காதீர்கள்.

சரி, போகவே கூடாதா என்றால், போங்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வாங்கிப் போங்கள், அது தனிக் கதை. ஷார்ட்ஸ் வேண்டாம். முழுக்கால் பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். டீட் கலந்த பூச்சிவிரட்டியைக் கால், கை, கணுக்காலில் தடவுங்கள். படுத்துத்தான் எடுக்க வேண்டுமா, ஒரு தார்ப்பாய் விரித்துப் படுங்கள். லென்ஸுக்கு அத்தனை உறை வாங்கத் தெரிகிறதே! பையையும் ஜெர்கினையும் புல்லில் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு உடம்பு தேய்த்துக் குளியுங்கள். அந்தத் துணியை வெந்நீரில் போடுங்கள், மறுநாள் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமாக, எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "காட்டில் புல்லில் படுத்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். வெட்கப்படாமல் உடம்பு முழுக்கப் பார்க்க விடுங்கள். ஜூனியர் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: முதல் சில நாளில் ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். திரையை இழுத்துவிட்டு, லைட்டைப் போட்டு, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்துத் தேடுங்கள்.