உயிரிக்கரி: அடுப்புக்குப் போகாத கரி

இளையான்குடிப் பக்கம் ஓர் ஊரில் வேளாண் பயிற்சி. பேச வந்தவர் 'பயோசார்' என்று தொடங்கி, மறுமூச்சிலேயே "அதாவது உயிர்க்கரி" என்றார். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். "உயிர்க்கரிங்கிறீகளே, கரிக்கு ஏது சார் உயிரு? வெந்து அடங்குனதுக்குப் பேருதானே கரி?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கலைச்சொல்லைப் பார்த்துக் கேட்கவேண்டிய முதல் கேள்வியை அவர் கேட்டுவிட்டார். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பிழைத்த பகுதி அது. அவர்களிடம் போய்க் கரியைப் பற்றிப் பேசுவதென்றால் சொல்லாவது சரியாக இருக்கவேண்டும்.

முதலில் பொருள். மரத்துண்டு, உமி, சோளத்தட்டை, தேங்காய்ச் சிரட்டை போன்ற தாவரக் கழிவைக் காற்று போதாத இடத்தில் வைத்து, ஏறத்தாழ 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் வேகவிட்டால் கரி மிஞ்சும். அந்தக் கரியை எரிக்காமல் மண்ணில் இட்டால் அது பயோசார். அடுப்புக்குப் போனால் அதே கரிக்குப் பெயர் அடுப்புக்கரி. போய்ச்சேரும் இடத்தை வைத்துப் பெயர் மாறுகிற பொருள் இது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

'பயோ' என்பது கிரேக்கத்தின் 'பியோஸ்', வாழ்வு என்று பொருள். வடமொழியின் 'ஜீவ' அதோடு ஒரே வேரில் பிறந்தது. அதைத்தான் நாம் சீவன் என்று எடுத்துக்கொண்டோம். 'சார்' என்பது மரக்கரியைக் குறிக்கும் 'சார்கோல்' என்ற சொல்லின் முன்பாதி. அந்த முன்பாதி முதலில் எதைக் குறித்தது என்பதில் சொற்பிறப்பியலார் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் ஒட்டிய சொல் இன்றைய பொருளில் நிலைபெற்றது 2000-களின் நடுவில். எரிபொருளாகும் கரியிலிருந்து மண்ணுக்குரிய கரியைப் பிரித்துக்காட்ட நியூசிலாந்துப் பொருளியலாளர் பீட்டர் ரீட் இதைப் பயன்படுத்தினார். அப்போது 'அக்ரிசார்' என்று இன்னொரு பெயரும் புழக்கத்தில் இருந்தது. அது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர் என்பதால் ஆய்வாளர்கள் அதை விட்டுவிட்டார்கள். ஆக, சொல்லுக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். பொருளுக்கோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

அமேசான் காட்டின் மண் பெரும்பாலும் வெளிறியது, சத்து நிற்காதது. அதன் நடுவே திட்டுத்திட்டாகக் கறுத்த, வளமான மண் கிடைக்கிறது. போர்ச்சுகீசிய மொழியில் அதற்கு 'தெர்ரா பிரேத்தா' என்று பெயர்; கறுப்பு மண் என்பதுதான் பொருள். கொலம்பசுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்களின் அடுப்புக் கரி, உடைந்த பானையோடு, மீன் முள், எலும்பு, கழிவு எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய மண் அது. டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-ல் எழுதிய நூல் இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சுற்றியுள்ள மண்ணைக் காட்டிலும் 70 மடங்கு வரை கரி அதில் இருப்பதாகப் பின்னாளில் அளந்தார்கள். பல நூற்றாண்டு மழையிலும் வெயிலிலும் அது கரைந்துபோகவில்லை. ஜப்பானிய உழவர்களிடமும் இதற்கு ஒரு சொல் உண்டு: 'குன்டன்'. உமியைக் கருக்கி நாற்றங்காலுக்குப் போடும் கரி. 'குன்' என்றால் புகையவிடுதல், 'டன்' என்றால் கரி. மூட்டக்கரி என்று நாம் சொல்வதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். நம் கரிசல் மண் தெர்ரா பிரேத்தா இல்லை. கரிசலின் கறுப்புக்குக் காரணம் அதன் களித் தாதுக்களும், களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கிய பொருளும், தாய்ப்பாறையின் இரும்பு, டைட்டானியத் தாதுக்களும். பெரும்பாலான கரிசல் காடுகளில் கரிமம், அதாவது கார்பன், குறைவுதான். கரிசல், கரிய, கரி, கருகு எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பதற்காக மண்ணும் ஒன்றாகிவிடாது.

'கரி' என்ற சொல்லுக்கே வருவோம். கரிமம் என்ற கலைச்சொல்லை ஆக்கியவர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. 1787-ல் லவாசியேவும் கூட்டாளிகளும் வேதிப்பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, அடுப்படியில் கிடந்த கரியின் பெயரையே தனிமத்துக்கு வைத்தார்கள். நாமும் கரியிலிருந்து கரிமத்தை எடுத்தோம். கரியமிலவாயுவிலும் அதே கரி உட்கார்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் காபன், காபனீரொட்சைட்டு என்று ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொண்டன. அதில் தவறில்லை, ஆனால் உறவு தெரியாமல் போகிறது.

கரிக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருள் உண்டு: சான்று, சாட்சி. "இந்திரனே சாலுங் கரி" என்ற குறளடியில் வருவது அதுதான். அடுப்புக்கரியும் சாட்சிக்கரியும் ஒரே சொல்லா, ஒலியொத்த இரண்டு சொற்களா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் கீழடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 580 என்று விடை வந்தது. அதே சிவகங்கை மாவட்டம், கரிமூட்டங்கள் புகையும் அதே சீமை. யாரோ எரித்த தீயின் மிச்சம் 2,600 ஆண்டு மண்ணுக்குள் கிடந்து சாட்சி சொல்லியிருக்கிறது. மரமாகவே கிடந்திருந்தால் கறையான் தின்றிருக்கும். வைக்கோலாக இருந்தால் சில பருவங்களில் காணாமல் போயிருக்கும்.

ஏன் கரி மட்டும் நிற்கிறது? மண்ணும் மூச்சுவிடுகிறது. உழுது மடக்கிய தழையை நுண்ணுயிர்கள் தின்று, அதிலிருந்த கரிமத்தின் பெரும்பகுதியைக் கரியமிலவாயுவாக வெளியே விட்டுவிடும். காற்றில்லாச் சூட்டில் வெந்தபோது அந்தக் கரிமம் வளையம் வளையமாக இறுகிக்கொள்கிறது. நுண்ணுயிரின் பல் அதில் எளிதில் இறங்குவதில்லை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2019-ல் திருத்திய கணக்கு முறையில் இதற்கு எண்கள் தந்திருக்கிறது: 450 முதல் 600 டிகிரி வரை வெந்த கரியில் 100 ஆண்டு கழித்தும் 80 விழுக்காட்டுக் கரிமம் மிஞ்சும், 350 முதல் 450 வரை என்றால் 65, 600-க்கு மேல் என்றால் 89. கையால் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ மரக்கரியில் 75 கிலோ கரிமம் என்று வையுங்கள். நடுத்தரச் சூட்டில் வெந்தது என்றால் நூறாண்டில் நிற்பது 60 கிலோ. 12 பங்கு கரிமம் எரிந்தால் 44 பங்கு கரியமிலவாயு ஆகும் என்பதால், அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 220 கிலோ கரியமிலவாயு காற்றுக்குப் போகாமல் நின்றதாகக் கணக்கு.

இப்படி நிறுத்தி வைப்பதை ஆங்கிலத்தில் 'சீக்வெஸ்ட்ரேஷன்' என்பார்கள். லத்தீனில் 'செக்வெஸ்டர்' என்பவர், வழக்கிலுள்ள சொத்தை இரு தரப்புக்கும் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்ளும் நடுவாள். தமிழில் 'கரிமச் சேமிப்பு' என்கிறோம். நான் 'கரிம வைப்பு' என்றே எழுதுகிறேன். சேமிப்பை நினைத்தபோது எடுத்துச் செலவழிக்கலாம். வைப்பு, தவணை முடியும்வரை கைவைக்காதது. மண்ணில் மக்கிய எரு சேமிப்பு, மண்ணில் இட்ட கரி வைப்பு. இரண்டும் நிலத்துக்கு வேண்டும்.

இனி பெரியவரின் கேள்வி. உயிர்க்கரி, உயிர்கரி, உயிரிக்கரி என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒற்று இல்லாத 'உயிர்கரி' தமிழ் இலக்கணப்படி வேறு பொருள் தந்துவிடும். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். ஊறுகாய், சுடுசோறு போல ஒற்று மிகாமல் எழுதினால் வினைத்தொகையாகி, 'மூச்சுவிடுகிற கரி' என்று நிற்கும். கரிமத்தை மூச்சாக வெளியே விடாது என்பதற்காகவே நாம் போற்றும் பொருளுக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் இல்லை. 'உயிர்க்கரி' ஒற்றோடு இருந்தாலும் வேறொரு சிக்கல். உழவர்களுக்கு 'உயிர் உரம்' பழகிய சொல். அசோஸ்பைரில்லம், ரைசோபியம் பாக்கெட்டில் நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறது. அதே காதில் உயிர்க்கரி விழுந்தால், உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது என்றுதான் படும். பெரியவருக்குப் பட்டதும் அதுதான்.

'மண்கரி' என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். கேட்க இனிமைதான். ஆனால் நிலக்கரி ஏற்கெனவே இருக்கிறதே. நிலத்திலிருந்து எடுக்கும் கரிக்கும் மண்ணுக்கு இடும் கரிக்கும் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால், கேட்பவர் மாற்றிப் புரிந்துகொள்ள இடமுண்டு. 'உரக்கரி' இன்னும் மோசம். கரி உரம் இல்லை. சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கிற பாத்திரம். நல்ல சூட்டில் வெந்த மரக்கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைச் சுவர்களை விரித்துப்போட்டால் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வரும். அந்தப் பாத்திரத்தை வெறுமையாக மண்ணில் வைத்தால், மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் அது இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். சாணிப்பாலிலோ மக்கிய எருவிலோ இரண்டு வாரமாவது ஊறவைத்துத்தான் இடவேண்டும்.

என் தேர்வு உயிரிக்கரி. உமிக்கரி உமியிலிருந்து வந்தது, நிலக்கரி நிலத்திலிருந்து வந்தது, உயிரிக்கரி உயிரியிலிருந்து வந்தது. முன்பாதி எங்கிருந்து என்று சொல்கிறது. கரிக்கு உயிர் இருப்பதாகச் சொல்லவில்லை. உயிரி எரிபொருள், உயிரி எரிவாயு என்ற வரிசையிலும் சரியாக உட்காருகிறது. எழுதும்போது சேர்த்து, வல்லொற்றோடு, இடையின ரகரத்தோடு எழுதுங்கள். றகரம் போட்டால் அது கறியாகி உலைக்குப் போய்விடும். இது அச்சுக்கான சொல். வயலில் நின்று பேசும்போது உமிக்கரி, சிரட்டைக்கரி, கருவேலங்கரி என்று மூலத்தின் பெயரையே சொல்லுங்கள். தட்டாரும் இஸ்திரி போடுபவரும் பல்லுக்கு உமிக்கரி இடித்த பாட்டிமாரும் ஆண்ட சொற்கள் அவை.

செய்முறைக்கும் நம்மிடம் சொல் உண்டு. 'பைராலிசிஸ்' என்பதை வெப்பச்சிதைவு என்று பாடநூல் சொல்லும். மூட்டம் என்கிறது ஊர். தீயை மூட்டுவதும் மண்ணால் மூடுவதும் இரண்டும் அந்த ஒரு சொல்லில் கேட்கின்றன. விறகை அடுக்கி, தழை பரப்பி, மண் மெழுகி, தீ வைத்து, பிறகு புகையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதலில் வெள்ளையாகக் குமுறுவது விறகின் ஈரம். பிறகு மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும். மெலிந்து நீலமாக ஓடினால் கரி வெந்துவிட்டது; துளைகளை அடைக்கவேண்டும். சற்றுப் பிந்தினால் கரி சாம்பலாகிவிடும்.

இந்தப் புகையில்தான் கசப்பான உண்மை இருக்கிறது. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் ஆற்றல் தரும், கரி சுமார் 30. ஐந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி என்று வைத்தால், விறகின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு புகையாகவும் சூடாகவும் போய்விடுகிறது. போகும் புகையில் மீத்தேன் உண்டு. மூட்டக்காரர் நெஞ்சில் படிவதும் அந்தப் புகைதான். பழைய மூட்டத்தில் எடுத்த கரியை மண்ணில் இட்டுவிட்டு வானத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. புகையையும் எரிக்கும் உலை வேண்டும். அந்தச் சூட்டில் நெல் காயவைக்கலாம், கொதிகலன் ஓட்டலாம். கைமுதல் இல்லாதவர் கூம்பு வடிவக் குழி வெட்டி, மேலிருந்து எரித்துக்கொண்டே அடுக்கடுக்காகச் சுள்ளி போடலாம். மேலே நிற்கும் தழல் திரை கீழிருந்து எழும் புகையைத் தின்றுவிடும். அடியில் காற்றுப் புகாமல் கரி சேரும். குழி நிரம்பியதும் தண்ணீர் ஊற்றி அணைக்கவேண்டும்.

எல்லா மண்ணுக்கும் இது மருந்தில்லை என்பதையும் சொல்லவேண்டும். கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது. நீலகிரியின் புளித்த மண்ணுக்கு அது நல்லது. ஏற்கெனவே களராகிக் கிடக்கும் நிலத்தில் அள்ளிக் கொட்டினால் கேடு. மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு இடுங்கள். கரிக்காக வேறு எந்த மரத்தையும் நடவோ வெட்டவோ வேண்டாம். சீமைக்கருவேலமும் உமியும் பருத்திமாரும் போதும்.

பயிற்சி முடிந்ததும் மாதிரிக் கரியைச் சுற்றுக்கு விட்டார்கள். பெரியவர் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டினார். கண்ணாடி போலக் கலீரென்றது. உள்ளங்கையில் பொடித்துத் தேய்த்து, சொம்புத் தண்ணீரில் கழுவிக் காட்டினார். பிசுக்கில்லாமல் போய்விட்டது. "வெந்திருக்கு. வேகாத கரின்னா சோப்புப் போட்டாத்தான் போகும்." நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூட்டம் பிரித்த இடத்தில், வியாபாரி எடுக்காத தூளும் மண்ணும் கலந்து கிடக்குமாம். அதை வாரி ஆட்டுப்புழுக்கையோடு சேர்த்துத் தன் மிளகாய்ச் செய்யில் நெடுநாளாகப் போட்டு வருகிறாராம். மழை தள்ளிப்போனால் அந்தப் பாத்தி மட்டும் நாலுநாள் கூடத் தாங்குமாம்.

"அதுக்கு என்ன பேரு சொல்வீங்க அய்யா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "பேரு வைக்கலையே தம்பி. மூட்டத்து மண்ணுன்னு சொல்லுவோம்."